கம்பி எட்டாத லயங்கள்

களனி கங்கையின் தலைக்கிளைகளான கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா ஆகிய தேயிலைப் பள்ளத்தாக்குகளின் நீரையெல்லாம் வாங்கிக்கொண்டு மேற்கே இறங்குகின்றன. இருபதாம் நூற்றாண்டில் இலங்கைக்கு மின்சாரம் கொடுத்த முதற்பெரும் நீர்மின் நிலையங்கள் இந்த நீரால்தான் சுழன்றன. ஆயினும் அதே நீர்த்தேக்கங்களின் கரையில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரின் லயங்கள், அதாவது ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் கட்டப்பட்ட ஒற்றை அறை வீடுகள், பல பத்தாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கின் வெளிச்சத்திலேயே இருந்தன. மின்சாரம் எங்கே பிறக்கிறது என்பதைவிட, அது யாருடைய கம்பியில் யாருடைய வாசல்வரை போகிறது என்பதே மலையகத்தின் வரலாற்றைத் தீர்மானித்தது. செய்தியின் கதையும் அதுவே; தந்தி, தொலைபேசி, இணையம் மூன்றும் மின்சாரத்தின் தடத்தைப் பின்பற்றியே மலையேறின. அண்மைக் காலத்தில் உலகின் பல மலைப்பகுதிகளில் வெயிலிலும் மின்கலத்திலும் இயங்கும் சிறிய கம்பியில்லா வலைகள் எழுந்திருப்பதன் பொருளை டிக்கோயாவில் நின்று பார்க்க வேண்டுமாயின், இந்த நூற்றைம்பது ஆண்டுத் தடத்தை முதலில் அறிய வேண்டும்.

1869இல் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்ட கோப்பி இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்களை அழிக்க, டிக்கோயாவின் சரிவுகள் தேயிலைக்கு மாறின. 1884இல் ரயில் டிக்கோயாவை அடுத்த ஹட்டனை எட்டியது. கோப்பிக்குத் தேவைப்படாத ஒன்று தேயிலைக்குத் தேவைப்பட்டது: கொழுந்தைப் பறித்த மறுநாளுக்குள் வாட்டி, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தி முடிக்கும் இயந்திர வலு. தொழிலாளர் ‘ஸ்டோர்’ என்று அழைத்த தேயிலைத் தொழிற்சாலைகளில் அந்த வலுவை முதலில் தந்தவை மலையோடைகளே. மேட்டிலிருந்து வாய்க்கால் வெட்டி நீரைக் கொண்டுவந்து சக்கரத்தின்மீது விழச்செய்தார்கள். பின்னர் இரும்புக் குழாய்களும் சுழலிகளும் வந்தன. சுழலியோடு மின்பிறப்பாக்கியைப் பொருத்தியபோது தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் விளக்கெரிந்தது. மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் இத்தகைய சிறு நீர்மின் அமைப்புகள் சில நூறு இயங்கின. இவை எல்லாம் தனித்தனித் தீவுகள், ஒன்றோடொன்று இணைக்கப்படாதவை. தேயிலைத் தொழிலாளரின் வழிபாட்டில் ரோதை முனி என்றொரு தெய்வம் உண்டு. தொழிற்சாலையின் பெருஞ்சக்கரத்தில் உறையும் முனியாக வணங்கப்பட்டு, படையல் இட்டு இயந்திரத்தின் அருகில் வேலை செய்வோரைக் காக்கும்படி வேண்டப்பட்டது. சக்கரத்தின் வலுவை மிக அருகில் நின்று அறிந்தவர்கள் அவர்கள். அதன் வெளிச்சமோ அவர்கள் குடியிருப்புவரை வரவில்லை.

செய்தி கடந்த வழிகளும் இதே படிநிலையில்தான் அமைந்தன. லயத்துக்கு வரும் செய்தி விடியுமுன் அடிக்கப்பட்ட தப்பின் ஒலி. அதைக் கேட்டு எழுந்தவர்கள் பெரட்டுக்களத்தில் கூடி அன்றைய வேலையைக் கங்காணியின் வாயிலிருந்து அறிந்தார்கள். பங்களாவுக்கு வரும் செய்தியோ முதலில் ரயில்பாதையை ஒட்டிய தந்திக் கம்பியிலும், பின்னர் தொலைபேசிக் கம்பியிலும் வந்தது. அக்காலத் தொலைபேசிப் பெட்டி ஒவ்வொன்றிலும் பேச்சைச் சுமந்து செல்ல ஒரு மின்கலம் உள்ளேயே இருந்தது. மறுமுனையில் மணியடிக்கக் கைப்பிடியைச் சுற்றி மின்னோட்டம் உண்டாக்கினார்கள். தொலைவிலுள்ள மின்நிலையத்தை நம்பாமல் செய்திக்கருவி தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு, ஆகவே, மலையகத்துக்குப் புதிதன்று. புதிதாக இருந்திருக்க வேண்டியது, அந்தப் பெட்டி லயத்துக்கும் ஒன்று வந்திருப்பது. அது நடக்கவில்லை.

இப்பள்ளத்தாக்கின் நீரைத் தேசத்தின் மின்சாரமாகக் கண்டவர் பொதுவேலைத் திணைக்களத்தின் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. நுவரெலியாவில் பிளாக்பூலில் நாட்டின் தொடக்ககால நீர்மின் நிலையமொன்றை நிறுவிய அவர், 1918இல் இலங்கைப் பொறியியல் சங்கத்தின் முன் வாசித்த கட்டுரையில், மஸ்கெலி ஓயா, கெஹெல்கமு ஓயா நீரைக்கொண்டு ரயிலையும் தொழில்களையும் இயக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். காலனிய அரசு 1920களில் வேலையைத் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே நிறுத்தியது. லக்சபான நிலையம் 1950இல்தான், சுதந்திரத்துக்குப் பின், இயங்கத் தொடங்கியது. 1965இல் கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய காசல்ரீ நீர்த்தேக்கத்திலிருந்து சுரங்கக் குழாய்வழி நீர் பெறும் 50 மெகாவாற் நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் மஸ்கெலி ஓயாவின் குறுக்கே மவுஸ்ஸாகலை அணை எழுந்தது. பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. வறட்சியில் நீர்மட்டம் இறங்கும்போது அந்த நகரத்தின் கோயில் கட்டடங்கள் இன்றும் வெளித்தெரிகின்றன.

தேசிய மின்வலை விரிந்தபோது தோட்டங்களின் சிறு நீர்மின் அமைப்புகள் கைவிடப்பட்டன. மலிவான மின்சாரம் கம்பியில் வரும்போது வாய்க்காலைத் தூர்வாரவும் சுழலியைப் பழுதுபார்க்கவும் எந்தத் தோட்ட நிர்வாகமும் விரும்பவில்லை. 1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகே அவற்றில் சில மீட்கப்பட்டன. ஆனால் மின்வலைக்கு மாறியதும் தொழிற்சாலையும் பங்களாவும்தான். லயங்களுக்கு இணைப்புப் பரவலாகக் கிடைக்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. மின்சாரம் லயத்தின் தலைக்குமேல் உயரழுத்தக் கம்பியில் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்த அந்த இடைக்காலத்தில், மலையக மக்களின் மின்சாரம் என்பது கடையில் வாங்கும் பெட்டரியாகவே இருந்தது. திரிதடைய வானொலிகள் (டிரான்சிஸ்டர் ரேடியோ) மலிந்த பிறகு இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு லயங்களுக்கு வந்தது. நான்கு உலர்மின்கலங்கள் சில வாரங்கள் பாடின. ஓயும் கட்டத்தில் அவற்றை வெயிலில் காயவைத்து மேலும் சில நாள் ஓட்டுவது எங்கும் வழக்கமாக இருந்தது. சூடேறிய மின்கலத்தில் வேதிவினை சற்றே விரைவதால் அது பலன் தந்ததும் உண்மையே.

1982இல் ரூபவாஹினித் தொலைக்காட்சி தொடங்கியபின், மின்சாரமில்லாத கிராமங்களிலும் தோட்டங்களிலும் கார் பெட்டரியில் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி ஓடியது. ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட அந்தப் பெட்டரியை நகரத்துக் கடைக்குத் தூக்கிச் சென்று மின்னேற்றி வருவது ஒரு குடும்பத்தின் வழமையான செலவாகவும் சுமையாகவும் ஆனது. கார் பெட்டரி இயந்திரத்தைக் கிளப்பச் சில நொடி பெருமின்னோட்டம் தருவதற்காகச் செய்யப்பட்டது. அடிவரை வடித்துப் பயன்படுத்தினால் அதன் ஈயத் தகடுகளில் சல்பேற்று படிந்து சில நூறு சுற்றுகளுக்குள், பல வேளைகளில் அதற்கும் முன்பே, வலுவிழந்துவிடும். முழுக்க வடியவிடாமல் பாதியில் நிறுத்தி மின்னேற்ற வேண்டும் என்ற அறிவு இந்த ஆண்டுகளில் பல வீடுகளில் காசு கொடுத்துக் கற்ற அறிவாகும். சூரியசக்தியில் ஓடும் எந்தக் கம்பியில்லா நிலையத்துக்கும் இன்று முதலில் சொல்லப்படும் விதியும் இதுவே.

சூரியக் கலத்தின் வரலாறு தொடக்கத்திலிருந்தே தொலைத்தொடர்போடு பிணைந்தது. 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கன் சூரியக் கலத்தை அறிவித்தது. ஈரமும் வெப்பமும் மிகுந்த இடங்களில் உலர்மின்கலங்கள் கெட்டுப்போனதால் தொலைபேசிக் கருவிகளுக்கு மாற்று மின்மூலம் தேடியதே அந்த ஆய்வின் தூண்டுதல். அடுத்த ஆண்டே ஜோர்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்னும் ஊரில் கிராமத் தொலைபேசித் தடமொன்றில் அது சோதிக்கப்பட்டது. விலை காரணமாக முயற்சி நின்றது; கலங்கள் விண்கலங்களுக்குப் போயின. 1970களின் இறுதியில் அவுஸ்திரேலியப் பாலைநிலத்தில் நுண்ணலை அஞ்சல் நிலையங்களை, அதாவது ஒரு குன்றிலிருந்து பெற்ற சைகையை அடுத்த குன்றுக்குக் கடத்தும் கோபுரங்களை, சூரியப் பலகைகளும் மின்கலங்களும் இயக்கத் தொடங்கியபோதுதான், ஆள் செல்ல அரிதான இடத்தில் வெயிலை நம்பித் தகவல் நிலையம் நடத்தலாம் என்பது நிலைபெற்றது. இலங்கையில் உலக வங்கியின் கடனுதவியோடு 1997இல் தொடங்கிய எரிசக்திச் சேவைத் திட்டமும் 2002இல் அதைத் தொடர்ந்த திட்டமும், சர்வோதய இயக்கத்தின் நுண்கடன் நிறுவனம் போன்றவற்றின் வழியே, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சூரிய மின்தொகுதிகளைச் சேர்த்தன. சிறிய பலகை, மின்னேற்றக் கட்டுப்படுத்தி, ஆழ்சுற்று மின்கலம், சில விளக்குகள் என்ற அந்தத் தொகுதியின் அமைப்பு, பின்னர் வந்த கம்பியில்லா வலைகளின் சிறு நிலையங்களுடைய மின்னமைப்போடு உறுப்புக்கு உறுப்பு ஒத்தது.

வலைப்பின்னல் வலை எனப்படும் கம்பியில்லா அமைப்பின் அடிப்படைக் கருத்து எளியது. வழக்கமான செல்பேசி முறையில் ஒவ்வொரு கருவியும் ஒரு பெருங்கோபுரத்தோடு மட்டுமே பேசும். கோபுரம் ஓய்ந்தால் வட்டாரமே ஊமையாகும். வலைப்பின்னல் முறையில் ஒவ்வொரு கணுவும், அதாவது கூரையிலோ கம்பத்திலோ பொருத்திய ஒவ்வொரு சிறு வானொலிப் பெட்டியும், தன் அயற்கணுக்களோடு பேசி, தனக்குரியதல்லாத செய்தியையும் அடுத்ததற்குக் கடத்துகிறது. ஒரு வழி அடைபட்டால் மென்பொருள் மறுவழி தேடுகிறது. 1970களில் அமெரிக்க இராணுவ ஆய்வில் தோன்றிய இந்த எண்ணம், 1997இல் வைஃபை நியமம் வெளியாகி, 2002இன் இறுதியில் லிங்சிஸ் நிறுவனத்தின் நீலக் கறுப்பு ரவுட்டர் மலிவாகச் சந்தைக்கு வந்து, அதன் மென்பொருள் மூலநிரல் திறந்துவிடப்பட்ட பிறகு, பொதுமக்கள் கைக்கு வந்தது. பெர்லினிலும் பிற ஐரோப்பிய நகரங்களிலும் ஆர்வலர்கள் கூரைக்குக் கூரை வலை பின்னினார்கள். அங்கே மின்சாரம் ஒரு கேள்வியே அல்ல. மலைக்கு வந்தபோதுதான் அது முதற்கேள்வி ஆயிற்று.

டிக்கோயாவோடு ஒப்பிடத்தக்க மலை அனுபவம் இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலாவினுடையது. 2005 ஜனவரியில் இந்தியா 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் வெளியிட வைஃபை பயன்பாட்டை உரிமக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்ததும், அங்குள்ள திபெத்திய நிறுவனங்களையும் பள்ளிகளையும் இணைக்கும் வலை அமைக்கப்பட்டது. பின்னர் அது எயார்ஜல்டி என்ற பெயரில் அறியப்பட்டது. மலைமுகடுகளில் மின்கம்பி இல்லாத இடங்களில் அஞ்சற்கணுக்கள் சூரியப் பலகையிலும் மின்கலத்திலும் நின்றன. குரங்குகள் கம்பங்களில் ஏறி அலைவாங்கிகளை அசைத்தன. மழையும் இடியும் வேறு. ஆயினும் இத்தகைய வலைகளைத் தொடர்ந்து ஆராய்ந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வுக்குழு 2008இல் வெளியிட்ட முடிவு, பழுதுகளின் தாய் வானொலி அல்ல, மின்சாரம் என்பதாகும். அதே குழு தமிழ்நாட்டில், மதுரையை மையமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனைக்காகத் தேனி வட்டாரத்துக் கிராமக் கண் பரிசோதனை மையங்களை நெடுந்தூர வைஃபை இணைப்புகளால் மருத்துவமனையோடு சேர்த்து, நோயாளி தன் ஊரிலிருந்தபடியே மருத்துவரோடு காணொளியில் பேச வழிசெய்திருந்தது. அங்கும் மின்னழுத்தத் தாவல்கள் ரவுட்டர்களைப் பொசுக்கின. அழுத்தம் தாழும்போது கருவி அணையாமலும் ஓடாமலும் உறைந்து நின்றது. யாராவது போய் அணைத்து ஏற்ற வேண்டியிருந்தது. அழுத்தம் ஓரளவுக்குக் கீழே போனால் தானாகத் துண்டித்து, சீரானதும் மீட்டும் இணைக்கும் ஒரு சிறு சுற்றைப் பொருத்தியதும் அந்த அலைச்சல் பெரிதும் குறைந்தது. மிகச் சிறிய இந்த உறுப்பை மலையில் வலை நடத்த விழையும் எவரும் அலைவாங்கிக்கு முன்பே வாங்க வேண்டும்.

இலங்கையிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. கொத்மலை நீர்த்தேக்கத்தால் இடம்பெயர்ந்தோருக்காக 1989இல் தோன்றிய கொத்மலைச் சமூக வானொலி, 1990களின் இறுதியில் யுனெஸ்கோவின் துணையோடு இணைய இணைப்புப் பெற்றது. நேயர் கேட்ட கேள்விக்கு ஒலிபரப்பாளர் இணையத்தில் விடை தேடி வானொலியிலேயே சொன்னார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் அந்த இணைப்பு திறந்துவைக்கப்பட்டது. டிக்கோயாவுக்கு இவ்வளவு அருகில், இவ்வளவு முன்பே நடந்த இம்முயற்சி மலையக வரலாறுகளில் மிகக் குறைவாகவே பேசப்படுவது வருத்தத்துக்குரியது. 2006இல் அநுராதபுர மாவட்டத்தின் மகாவிலச்சியக் கிராமத்தில் வீடுகளை இணைத்த வலைப்பின்னல் வலை நாட்டின் முதலாவது மின்கிராமம் என்ற பெயரைப் பெற்றது. அது சமநிலம்; வில்பத்துக் காட்டின் ஓரம்.

டிக்கோயாவின் மலை வேறு கணக்கைக் கேட்கிறது. தேயிலைச் செடி இடுப்பளவே வளர்வதால் எதிர்ச்சரிவு கண்ணுக்குத் தெரியும். அலைக்கு அது நல்ல வாய்ப்பு. இடையில் நிற்கும் நிழல்மரங்களின் நனைந்த இலைகள் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையை உறிஞ்சுவது அதன் மறுபக்கம். வெளிக்கம்பத்தில் நிற்கும் ஒரு ரவுட்டர் 7 வாற் மின்வலுவில் இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 168 வாற்மணி செலவாகும். இதில் பெரும்பகுதி செய்தியை அனுப்புவதற்கன்று, செய்தி வருகிறதா என்று விழித்துக் காத்திருப்பதற்கே செல்கிறது. ஆகையால் அனுப்புதிறனைக் குறைப்பது மின்கலத்தைக் காப்பாற்றாது. வெயிலே இல்லாத மூன்று நாட்களைத் தாங்க 504 வாற்மணி வேண்டும். ஈய அமில மின்கலத்தைப் பாதிக்குமேல் வடியவிடலாகாது என்பதால் அதன் கொள்ளளவு இருமடங்காக, 12 வோல்ற்றில் 84 அம்பியர்மணி அளவில், இருக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவமழையும் மூடுபனியும் இறங்கும் மாதங்களில் நாளொன்றுக்கு இரண்டரை மணிநேர முழுவெயிலுக்கு ஈடான ஒளியும், கம்பி, கட்டுப்படுத்தி, மின்னேற்றம் ஆகியவற்றில் பத்தில் மூன்று பங்கு இழப்பும் என்று வைத்தால், ஏறத்தாழ 100 வாற் பலகை அன்றாடச் செலவுக்கு மட்டுமே போதும். வடிந்த மின்கலத்தை நிரப்ப 150 வாற் வேண்டியிருக்கும். அதே பலகை பெப்ரவரியில் தேவையைவிட மிகுதியாகத் தரும். அந்த மிகுதியை லயத்துப் பிள்ளைகளின் செல்பேசிகளுக்கு மின்னேற்றக் கொடுப்பது பல நாடுகளில் கண்ட நடைமுறை. ஆனால் மழைமாதத்தில் அதே வாய்ப்பைத் துண்டிக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். பெரும்பாலான வலைகள் இவ்விடத்தில்தான் தளர்கின்றன.

1990களின் பின்பாதியில் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று மின்கலம் இக்கணக்கை இலகுவாக்கியது. அதை எண்பது தொண்ணூறு விழுக்காடுவரை வடிக்கலாம். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சுற்றுகள் தாங்கும். 84 அம்பியர்மணி ஈய மின்கலம் இருபது கிலோவுக்கு மேல் நிறையிருக்க, அதற்கீடான 50 அம்பியர்மணி லித்தியம் மின்கலம் ஆறேழு கிலோவே இருக்கும். கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏறும் படிக்கட்டில் அதையும் தூக்கிப் போகலாம் என்பது மலைவாழ் மக்களுக்கு அற்பமான வேறுபாடல்ல. உறைநிலைக்குக் கீழே அதை மின்னேற்றக் கூடாது. நுவரெலியாவின் ஜனவரி விடியல்களில் புல்மீது உறைபனி படிவதுண்டு, டிக்கோயாவின் உயரத்தில் அந்தக் கவலை இல்லை. இடைப்பருவ மாதங்களான ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமின்னல் கடுமையாக இருக்கும். ஆகவே முகட்டில் நிற்கும் கம்பத்துக்குப் புவித்தொடுப்பும், தரவுக் கம்பிக்கு மின்னல் தடுப்பியும் இல்லாமல் எந்தக் கணுவும் இரண்டு பருவம் தாண்டாது.

மின்வலை இன்று நாட்டின் ஏறத்தாழ எல்லா வீடுகளையும் தொட்டுவிட்டது. லயங்களும் அவற்றுள் அடங்கும். அப்படியிருக்க வெயிலும் மின்கலமும் எதற்கு என்று கேட்கலாம். 1996இன் வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றியபோதும், 2022இல் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல் நாள்தோறும் பல மணிநேரம், மார்ச் இறுதியில் 13 மணிநேரம்வரை, மின்வெட்டு அமுலானபோதும் மின்வலையின் மின்சாரம் எவ்வளவு நிலையற்றது என்பது தெரிந்தது; பின்னதில் செல்பேசிக் கோபுரங்களும் தடுமாறின. பருவக்காற்றில் மரம் முறிந்து மின்கம்பியில் விழும் நாட்களில் மண்சரிவு எச்சரிக்கை ஒரு லயத்தை எட்ட வேண்டியிருப்பதும் அதே நேரத்தில்தான். 2020–21 பெருந்தொற்றுக் காலத்தில் இணையவழிப் பாடத்துக்காக மலைப்பகுதி மாணவர்கள் சைகை கிடைக்கும் மேடுகளைத் தேடிப் போனதை நாடு செய்தியாகப் படித்தது. மேலும், நெருக்கியடித்த பழைய லயங்களில் மின்கசிவால் தீப்பற்றி ஒரு வரிசை முழுவதும் எரிந்துபோகும் செய்திகள் ஓயவில்லை. உருகி பொருத்திய 12 வோல்ற் நேரோட்டக் கணு அத்தகைய கூரைக்கு 230 வோல்ற் இணைப்பைவிடப் பாதுகாப்பானது.

தொழில்நுட்பம் இவ்வளவு தீர்ந்த பிறகும் தீராத ஒன்று கூரையின் உரிமை. வலைப்பின்னல் வலை என்பது பலருடைய கூரைகளின் உடன்பாடு. தர்மசாலாவில் அது மடாலயங்களின், பள்ளிகளின், வீட்டுக்காரரின் உடன்பாடாக இருந்தது. டிக்கோயாவின் லயம் அதில் நான்கு தலைமுறை வாழ்ந்தவருடையதல்ல. 1970களின் நாட்டுடைமைக்குப் பின் அரசுடைய நிலத்தில், 1992 முதல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்தில் இருப்பது. கூரைத் தகட்டில் ஆணியடிக்கவும், முகட்டில் கம்பம் நடவும், அதற்குப் பாதை வெட்டவும் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி துரையோடு வந்து துரையோடு போகும். 2015க்குப் பின் ஏழு பேர்ச் காணியும் உறுதிப்பத்திரமும் சேர்த்துக் கொடுக்கப்படும் தனிவீட்டுத் திட்டங்களிலும், இந்திய அரசின் உதவியோடு மலையகத்தில் கட்டப்பட்ட வீடுகளிலும் இந்நிலை மாறத் தொடங்கியுள்ளது. அந்த வீடுகள் பெரும்பாலும் லயங்களைவிட மேட்டில், ஒன்றையொன்று பார்க்கும் சரிவுகளில், தனித்தனிக் கூரையோடு நிற்பவை. பலகையையும் அலைவாங்கியையும் பொருத்த அவற்றின் உரிமையாளர் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.